நிழல் அளந்த கம்பளி

வியாழக்கிழமை காலை, பள்ளிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் மகளின் கோட்டுக்குப் பொத்தான் போடக் குனிந்த ரதோஸ்தினாவுக்கு எலிட்சாவின் கை அகப்படவில்லை. துணிதான் அகப்பட்டது. கோட்டின் கை விரல் நுனிகளைத் தாண்டி நாலு விரற்கடை தொங்கிக்கொண்டிருந்தது. அது போன குளிர்காலத்துக் கோட்டு. சென்ற மாதம் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தபோது மணிக்கட்டு வெளியே தெரிந்தது. புதுசு வேண்டும் என்று எலிட்சா இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷத்தை இதிலேயே ஓட்டிவிடலாம் என்று வாதாடி அம்மாதான் ஜெயித்தாள்.

“கைய இழுத்து இழுத்து விளையாடினியா?”

“இல்லம்மா.”

“அப்புறம் எப்படிடி இவ்ளோ நீளமாச்சு?”

எலிட்சா சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் வகுப்புப் பையன் அசென் இருக்கிறான்.

ரதோஸ்தினா ராவ்னோதோல் ஊரின் கம்பளி அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளர். பதினோரு வருஷமாக அதுதான் வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கம்பளியைப் பற்றிச் சொல்வாள். நனைந்தால் சுருங்கும், அடித்தால் சுருங்கும், கொதிநீரில் போட்டால் அப்புறம் பொம்மைக்குத்தான் உதவும். வளர்ந்த கம்பளியை அவள் பார்த்ததே இல்லை. கையை இரண்டு மடிப்பு மடித்து, ஊக்கு குத்தி, மகளை அனுப்பினாள். கணவன் ஸ்பெயினில் பழத்தோட்டத்தில் வேலை செய்கிறான், கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான். ‘இந்தக் கோட்டைப் பாருங்களேன்’ என்று காட்ட வீட்டில் வேறு ஆளில்லை.

படிக்கட்டில் எலிட்சா இறங்கும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டில் பீப்பாயில் ஊறும் முட்டைக்கோஸின் புளித்த வாடை மாடி வரை ஏறியிருந்தது. நேற்று வரை காலைப் பிடித்துக்கொண்டிருந்த பூட்ஸ் இன்று காலிலிருந்து கழன்று கழன்று படியில் அடித்தது, சளக், சளக். சத்தம் அடங்கும்வரை ரதோஸ்தினா கதவைத் திறந்துபோட்டு நின்றாள்.

அருங்காட்சியகம் ஆற்றோரத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது துணி அடிக்கும் ஆலை. தறியிலிருந்து வரும் கம்பளித் துணி சல்லடை மாதிரி இருக்கும், காற்று புகும். அதை மரத்தொட்டியில் போட்டு வெந்நீர் ஊற்றினால், ஆற்றுத் தண்ணீர் சுழற்றும் சக்கரம் இரண்டு ஓக் மரச் சம்மட்டிகளைத் தூக்கித் தூக்கிப் போடும். ஒரு பகலும் ஒரு இரவும் அடி வாங்கியபின் இழை இழையைக் கவ்விக்கொள்ளும், நெசவே தெரியாது, மழை இறங்காது. இந்த ஊர் பிழைத்ததே அந்த அடியில்தான். இப்போது குளிர்காலத்தில் வாரத்துக்கு மூன்று பேர் வந்து பார்த்தால் அதிகம்.

இந்த வாரம் திங்கட்கிழமை மாவட்டத்திலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். சம்மட்டிகள் உண்மையில் ஓடுகின்றனவா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. இல்லாவிட்டால் ஆலையைப் பூட்டி யாரோ ஒருவனுக்கு மீன் உணவகம் நடத்தக் கொடுத்துவிடுவார்கள். ஓட்டுவதில் ஒரு சிக்கல். வெறும் தொட்டியில் சம்மட்டியை விடக்கூடாது. மரம் மரத்தை அடித்தால் அரை மணியில் பிளந்துவிடும். அடிக்க ஏதாவது கம்பளி வேண்டும். சொல்லிவைத்திருந்த துணி வந்து சேரவில்லை. காட்சிக்கு வைத்த நூறு வருஷத்துப் போர்வைகளைப் போட முடியாது. அதிகாரிகள் காப்பி குடித்து முடித்து, மேல்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு மாடியில் கிடந்த பை ஞாபகம் வந்தது.

அந்தப் பையில் இருந்தது மே மாதத்து விளையாட்டு. இப்போது மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட எலிட்சாவின் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேரை டீச்சர் அழைத்து வந்திருந்தாள். இந்தப் பக்கத்துக் கொத்தனார்களுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு, வழியில் போகிற ஒரு ஆளின் நிழலை அவருக்குத் தெரியாமல் நூலால் அளந்து அந்த நூலைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவார்கள். சுவர் நிற்கும். அளக்கப்பட்ட ஆள் நாற்பது நாளில் படுத்துவிடுவார் என்பதை ரதோஸ்தினா பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மாலை வெயிலில் முற்றத்தில் ஒவ்வொருவராக நிறுத்தி, விரல் பருமனில் முறுக்காத வெள்ளைக் கம்பளியால் நிழலை அளந்து வெட்டினாள். யாருடையது எது என்று தெரிய ஒவ்வொரு நுனியிலும் ஒரு வண்ண நூலால் முடிச்சுப் போட்டாள். பிள்ளைகள் குதித்தார்கள். என் நிழல்தான் பெருசு, போடா என்னோடதுதான் என்று ஒரே சண்டை. கோடை முழுக்க அவை சுவரில் தொங்கின. பிறகு பைக்குள் போயின.

திங்கள் மத்தியானம் பத்தொன்பதையும் தொட்டியில் போட்டாள். சம்மட்டி விழுந்தது. செவ்வாய் மத்தியானம் அதிகாரிகள் சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சா தின்று, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். தொட்டியின் அடியில் ரொட்டி அளவுக்கு ஒரே ஒரு கட்டி கிடந்தது.

அதை ஒரு தகரத் தட்டில் எடுத்துத் தன் மேஜைமேல் வைத்திருந்தாள். இந்த வியாழக்கிழமை காலையில் கதவைத் திறந்ததும், ஆட்டுக் கொழுப்பும் ஈர ஓக்கும் எலிப்புழுக்கையும் கலந்த வழக்கமான வாடைக்கு நடுவில் வேறொன்றும் மூக்கில் பட்டது. பள்ளி விட்டு வரும் பிள்ளையின் உச்சந்தலை வாடை. அவள் மேஜைக்குப் போனாள். ரொட்டி அளவிலிருந்தது ஆப்பிள் அளவாகியிருந்தது. காய்ந்தால் கம்பளி சுருங்கும்தான். ஆனால் இது காயவில்லை. தொட்டுப் பார்த்தாள். ஈரம். வெதுவெதுப்பு. கணப்பு இன்னும் பற்றவைக்கவில்லை, கூடத்தில் அவள் மூச்சே புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஒரு துணியை எடுத்து அதன்மேல் போட்டு மூடினாள்.

பன்னிரண்டு மணிக்கு ஹினோவா டீச்சர் போன் செய்தாள். வாய் ஓயாத மனுஷி, குரலில் சிரிப்பு இருந்தது, ஆனால் சிரிப்பு சரியாக உட்காரவில்லை.

“ரதோஸ்தினா, அம்மாக்கள் எல்லாம் சேர்ந்து என்னம்மா மந்திரம் போட்டீங்க? எம் புள்ளைங்க மூணு நாளா சண்டையே போடறதில்ல.”

“நல்லதுதானே.”

“நல்லதுதான். பெஞ்செல்லாம் இழுத்து ஒண்ணாப் போட்டுக்கிட்டாங்க. பிரிச்சுப் போட்டா அழறாங்க. ஒரு கேள்வி கேட்டா பத்தொம்பதும் ஒரே நேரத்துல பதில் சொல்லுது. பெயில் ஆகுற அசென் கூடச் சரியாச் சொல்றான்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போறீங்களா? எனக்கு என்னமோ... ஒண்ணுமில்ல, சும்மா வாங்க.”

பள்ளி மேட்டில் இருக்கிறது. அவள் ஏறும்போது மூன்று நாள் மூடுபனிக்கு நடுவில் கொஞ்ச நேரம் வெயில் வந்தது. மைதானத்தில் மற்ற வகுப்புகள் ஓடிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தன. மூன்றாம் வகுப்பு மட்டும் சுவரோரம் தோளோடு தோள் ஒட்டி, குளிருக்கு ஆடுகள் நிற்பது போல் நின்றது. எல்லாருடைய கோட்டுக் கைகளும் தொங்கின. சில அம்மாக்கள் மடித்து ஊக்கு குத்தியிருந்தார்கள், சிலர் மடித்துத் தைத்தே விட்டிருந்தார்கள். எல்லாரும் தன்னைப் போலவே துணியைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். அப்புறம் தரையைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளின் நிழல்கள் தலையும் கையும் காலுமாக நீண்டு ஓடின. சுவரோரத்தில் பத்தொன்பது பேருக்குக் கீழே ஒரே நிழல் கிடந்தது. உருண்டையாக. தலை இல்லாமல். கை கால் இல்லாமல்.

வெயில் போய்விட்டது. அவள் வகுப்புக்குள் போகவில்லை. டீச்சரைப் பார்க்காமலே இறங்கி வந்துவிட்டாள்.

சாயங்காலம் அடுப்படியில் பீன்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருக்க, எலிட்சாவை முக்காலியில் உட்காரவைத்துத் தலை வாரினாள். தினமும் செய்கிற காரியம்; இன்றைக்கும் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சீப்பு பின்னந்தலையில் நின்றது. சிக்கு என்றுதான் நினைத்தாள். எண்ணெய் தடவி நுனியிலிருந்து எடுத்துப் பார்த்தாள், போகவில்லை. விளக்கருகே இழுத்து விலக்கிப் பார்த்தாள். அது சிக்கு இல்லை. முடி முடியைக் கவ்வி உள்ளங்கை அகலத்துக்குத் தகடாகப் படிந்திருந்தது. பதினோரு வருஷமாக ஊராருக்கு விளக்கிச் சொல்லும் அந்தக் கவ்வல் அவளுக்குத் தெரியாதா? எலிட்சாவுக்குக் கரும்பழுப்பு முடி. தகட்டின் நடுவில் செம்பட்டை முடிகள் இருந்தன. ஒன்று, மூன்று, ஏழு. அசெனின் முடி. ஒட்டியிருந்தால் உருவிவிடலாம். ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வேர் எலிட்சாவின் தோலில் இருந்தது.

“அம்மா, வலிக்குது.”

“கொஞ்சம் பொறுடா தங்கம். இதை மட்டும் வெட்டிடறேன்.”

கத்தரிக்கோல் தகட்டில் பாதி இறங்கியது. எலிட்சா அலறினாள். அதே நொடியில், ஒரு மூச்சு முன்னே பின்னே இல்லாமல், தெருவுக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு மாடியிலும் ஒரு அலறல் எழுந்தது.

கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. எதிர்வீட்டுப் பால்கனிக் கதவு படாரென்று திறந்து அசெனின் அம்மா மிலேனா எட்டிப் பார்த்தாள்.

“ரதோஸ்தினா! எங்க பையன் சும்மா உக்காந்திருந்தான், தலையப் புடிச்சுக்கிட்டுக் கத்துறான்! உங்க வீட்லயும் சத்தம் கேட்டுச்சே, என்னாச்சு?”

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், இறங்கி வாங்க, சேர்ந்து யோசிப்போம் என்று சொல்ல வாயிருந்தது, நாக்கிருந்தது. வெட்கமாக இருந்தது. பயமாக இருந்தது.

“இல்லையே,” என்றாள். “டிவி.”

சன்னலைச் சாத்தினாள். சூப் அடிப்பிடித்து வாடை வந்தது. எலிட்சா அழுகையை நிறுத்திவிட்டு எதிர்வீட்டுப் பக்கச் சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டாள். அவள் மூச்சு சீராக வந்தது. இரண்டு இரண்டாக. ஒன்று விழ, ஒன்று எழ. ஆலையில் நாள் பூராவும் கேட்ட தாளம். மகளின் காதைப் பார்த்தாள். மடலும் கன்னமும் சேரும் இடத்தில் கோடு இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது எலிட்சாவின் படுக்கை காலி. கோட்டு ஆணியில் தொங்கியது, பூட்ஸ் கதவோரம் இருந்தது. ரதோஸ்தினா படிகளில் ஓடி இறங்கினாள். தெருவெங்கும் மூடுபனி. பள்ளிக்குப் போகும் சேற்றில் சின்னச் சின்ன வெறுங்கால் தடங்கள், ஒவ்வொரு சந்திலிருந்தும் வந்து சேர்ந்திருந்தன. மேட்டில் ஏற ஏறத் தடங்கள் நெருங்கின. அப்புறம் தடமாகவே இல்லை, ஏதோ ஒன்றை இழுத்துப் போன மாதிரி ஒரே அகலமான தேய்ப்பு. அவள் மேலே போகவில்லை. ஆலைக்கு ஓடினாள்.

ஸ்தோய்கோ மதகருகே சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான். ஐம்பத்தெட்டு வயசு, ஆலையின் மெக்கானிக், காலையிலேயே கொஞ்சம் ராக்கியா சாராய வாடை. அவனுடைய பேத்தி மக்தாவும் மூன்றாம் வகுப்புதான்.

“என்ன டைரக்டரம்மா, பேயைப் பாத்த மாதிரி ஓடியாற? மறுபடி அதிகாரிங்க வந்துட்டாங்களா?”

“ஸ்தோய்கோ அண்ணே, திங்கக்கிழமை தொட்டியில நான் என்ன போட்டேன்னு பாத்தீங்களா?”

“நீ போட்ட, நான் மதகைத் திறந்தேன். ஏதோ பழைய கம்பளி.”

“பசங்க நூல். நிழல் அளந்தோமே, மே மாசம். அது.”

அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, ஆனால் உள்ளே ஆள் போய்விட்டான். மசகுத் தூரிகையைக் கீழே வைத்தான். மக்தா காலையில் கோட்டுப் போடாமல் போனதையும், போன வாரம் தோள் வரை இருந்தவள் நேற்று இடுப்புக்கு வந்துவிட்டதையும், மருமகள் கத்தியதற்கு ‘உன் கண்ணுல கோளாறு’ என்று தான் திட்டியதையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில் கேட்டான்.

“அடிச்சதைப் பிரிக்க முடியுமா?”

“அண்ணே...”

“நீதானே சுவத்துல எழுதி மாட்டி வச்சிருக்க. ஒருதரம் அடிச்ச கம்பளிய இழை இழையாப் பிரிக்க முடியாதுன்னு. தினமும் தூசி தட்டுறேன், எனக்குப் படிக்கத் தெரியாதா?”

“ஊசி இருக்கு. லென்ஸ் இருக்கு. முயற்சி பண்றேன்.”

“எம் பேத்தி முடிச்சு என்ன கலரு?”

“மஞ்சள்.”

அவன் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். மசகு பிசுபிசுத்தது. “மஞ்சளை மொதல்ல எடு. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். நீ பண்ணின வினை இது, அதனால கேக்குறேன். மொதல்ல மஞ்சள், அப்புறம் உன்னோடது, அப்புறம் யாரை வேணாலும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பசங்களோட நிக்குறேன்.”

“சரி அண்ணே.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவன் மேட்டைப் பார்த்து ஓடினான்.

மேஜைமேல் துணியை எடுத்தபோது கட்டி வாதுமைக் கொட்டை அளவுக்கு வந்திருந்தது. கல்லைப் போல் இறுகியிருந்தது, சூடாக இருந்தது. உள்ளங்கையில் வைத்தாள். துடித்தது. இரண்டு இரண்டாக. விளக்கை இழுத்து வைத்து, லென்ஸைக் கண்ணில் பொருத்தி, பழைய துணிகளைச் செப்பனிடும் மெல்லிய ஊசியால் மேற்புறத்தை நெருட ஆரம்பித்தாள். மணி எட்டரை. ஒன்பது. பத்து. சன்னலுக்கு வெளியே பனி நகரவே இல்லை, ஆறு எங்கேயோ கீழே போய்க்கொண்டிருந்தது, கழுத்து மரத்துப்போய் விரல்களில் உணர்வு போய்த் திரும்பி வந்தது, வெள்ளைக்குள் வெள்ளை, மயிருக்குள் மயிர், எங்கே ஒன்று முடிகிறது எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியவே இல்லை. பதினொன்றரைக்கு ஊசி முனையில் ஒரு நிறம் எட்டிப் பார்த்தது.

மஞ்சள்.

சின்ன முடிச்சு. அவள் கையால் போட்டதுதான். கொஞ்சம் நெம்பினால் போதும், வந்துவிடும் போலத் தளர்ந்திருந்தது.

ரதோஸ்தினா அதைப் பார்த்தாள். கட்டி அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் இறுகியது. எத்தனை நூல் எடுக்க நேரம் இருக்கிறது? இரண்டா? ஒன்றா? சத்தியம் பண்ணியதை மறக்கவில்லை. பச்சைதான் எலிட்சாவின் நிறம். அவளே கேட்டு வாங்கிய பச்சை.

ஊசியால் மஞ்சளை உள்ளே தள்ளிவிட்டு, அதற்கு அடியில் பச்சையைத் தேடினாள்.

மத்தியானம் ஒரு மணிக்குப் பச்சை கிடைத்தது. ஆழத்தில். இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தாள். ஒரு நகக்கண் நீளம் வந்தது. மேட்டிலிருந்து பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு அலறல் இறங்கியது. பத்தொன்பது குரல்கள், ஒரே குரல். கை நின்றது. கட்டி இறுகியது. நிறுத்தினால் பச்சை மறுபடி உள்ளே போய்விடும்.

இழுத்தாள். அலறல். இழுத்தாள். அலறல். ‘மன்னிச்சுடுங்கடா,’ என்றாள் யாரிடமோ. ‘இன்னும் கொஞ்சம்தான்.’ இழை வந்தது. வெறும் இழையாக வரவில்லை. பக்கத்து மயிர்களையெல்லாம் பற்றிக்கொண்டு, கொத்துக் கொத்தாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒரு சாண். முக்கால் முழம். பாதியில் சிக்கியது. சுற்றி இழுத்தாள். பட்டென்று ஒரு சின்னச் சத்தம்.

நூல் கையோடு வந்துவிட்டது. ஒரு நுனியில் பச்சை. அடுத்த நுனி பிசிறாக இருந்தது.

மேட்டில் சத்தம் நின்றுவிட்டது.

பிசிறைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். வந்துவிட்டது, அவ்வளவுதான். எலிட்சா வெளியே வந்துவிட்டாள். நூலைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓடினாள். கோட்டுப் போடவில்லை. மூச்சிரைத்தது. பள்ளி வாசலில் அம்மாக்கள் அப்பாக்கள் கூட்டம், யாரோ கதவை உடைக்கக் கடப்பாரை கேட்டுக்கொண்டிருந்தார்கள், மிலேனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் வாயையே பொத்திக்கொண்டிருந்தாள். பின்பக்கம் கரியறை வழி அவளுக்குத் தெரியும், அவளும் இதே பள்ளியில் படித்தவள்தான். உடற்பயிற்சிக் கூடத்தின் சின்னக் கதவு திறந்திருந்தது.

உள்ளே விளக்கு இல்லை. உயரத்துச் சன்னல்களில் பனியின் வெளிச்சம். நனைந்த கம்பளி வாடை. கூடத்தின் மூலையில், ஏணிக்கம்பிகளுக்குக் கீழே, அது இருந்தது.

அவள் அதை முழுசாகப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மேசை உயரம். உருண்டை. சட்டைக் காலர்கள். ஒரு கண்ணாடி. பத்து பன்னிரண்டு முழங்கால்கள், ஒரே தோல். எல்லாம் ஒன்றாக மூச்சு விட்டது. அதன் முன்னால் ஸ்தோய்கோ மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். ஹினோவா டீச்சர் ஒரு மூலையில் வருகைப் பதிவைத் திறந்து வைத்து, பேர் பேராக, மெல்லிய குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அதிலிருந்து ஒன்று பிரிந்து தரையில் தவழ்ந்து வந்தது. பச்சை ஸ்வெட்டர். கரும்பழுப்பு முடி. எலிட்சாவின் ஸ்வெட்டர்தான், எலிட்சாவின் முடிதான்.

“வந்துட்டியாடா! வந்துட்டியா என் கண்ணே!”

வாரி எடுத்தாள். எடையே இல்லை. மார்போடு அணைத்தாள். சூடாக இருந்தது, முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டது. ஒரு கை கழுத்தைச் சுற்றியது. சின்ன விரல்கள், நகங்களில் சிவப்புச் சாயம் பூசியிருந்தது. எலிட்சாவுக்கு நகச் சாயம் பூச அவள் விட்டதே இல்லை.

ஸ்தோய்கோ அந்தக் கையைப் பார்த்தான். எழுந்து வந்தான். விரல்களைத் தொட்டுப் பார்த்தான், ஒவ்வொன்றாக.

“நேத்து மக்தாவுக்கு நான்தான் பூசிவிட்டேன்,” என்றான். “எதை எடுத்தே?”

அவள் கைக்குள் நூல் ஈரமாக இருந்தது.

“ரதோஸ்தினா. எதை எடுத்தே?”

அணைப்பிலிருந்ததை அவள் மெல்லத் தன்னிடமிருந்து விலக்கி, முகத்தைப் பார்க்கத் திருப்பினாள். பின்னந்தலைதான் இருந்தது. திருப்பினாள். மறுபடியும் முடிதான் இருந்தது.

மூலையில், காலர்களுக்கும் முழங்கால்களுக்கும் நடுவில், ஒரு கண் திறந்தது. அவளையே பார்த்தது. அதற்குக் கீழே வாய் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஒரு பிளவு இருந்தது, பிய்த்த இடம். அதிலிருந்து எலிட்சாவின் குரல் வந்தது. வேறு யார் குரலும் கலக்காத, தினமும் படிக்கட்டில் கேட்கிற அதே குரல். கோபம்கூட இல்லை.

“அம்மா, மிச்சத்தையும் எடும்மா.”

வெளியே கதவில் கடப்பாரை விழுந்தது. அது பயந்துபோய், எல்லாக் கால்களையும் ஒருசேர இழுத்துக்கொண்டு, அம்மாவை நோக்கி நகரத் தொடங்கியது.